கிராம வளர்ச்சிக்குத் தொலைத்தொடர்பு: கேட்பதில் தொடங்கிப் பராமரிப்பு வரை

1984 டிசம்பரில் சர் டொனால்ட் மெய்ட்லண்ட் தலைமையிலான பன்னாட்டு ஆணையம் உலகத் தொலைத்தொடர்பு நிலை பற்றிய தன் அறிக்கையை முடித்தது. டோக்கியோ நகரத்தில் மட்டும் இருக்கும் தொலைபேசிகள், ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் இருப்பதைவிட அதிகம் என்று அது சொன்னது. கம்பி போய்ச் சேரவில்லை என்பதுதான் அந்தக் காலத்துப் பிரச்சினை. இன்று பெரும்பாலான கிராமங்களில் ஏதோ ஒரு சிக்னல் எட்டிப் பார்க்கிறது. வீட்டுக்கு ஒரு போனாவது இருக்கிறது. ஆனாலும் ஒரு சான்றிதழுக்காக நகரத்துக்கு அலைவதும், மருத்துவர் வராத நாளில் மருத்துவமனை வாசலில் காத்துக்கிடப்பதும் தொடர்கின்றன. வசதி வந்தபின்னும் வேலை நடக்காததற்கான காரணங்களைத் தேடினால், அவை பெரும்பாலும் கோபுரத்தில் இருப்பதில்லை. யார் யாரிடம் எதற்காகப் பேச வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசிக்காததில் இருக்கின்றன.

ஒரு கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு, ஊராட்சி, தொண்டு நிறுவனம் அல்லது நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து தங்கள் பகுதிக்கு ஏதாவது செய்ய நினைத்தால், எங்கிருந்து தொடங்கி எப்படிக் கொண்டுசெல்வது என்பதை இங்கே சொல்கிறேன். கருவிகள் பற்றிய பகுதி நடுவில்தான் வரும். அதற்கு முன்னால் இருப்பதைத் தாண்டிக்கொண்டு போய்விட வேண்டாம்.

படி 1: கடைசியாக எதற்காக அலைந்தீர்கள் என்று கேளுங்கள்

"உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்?" என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டால் உருப்படியான பதில் வராது. மைக்கைப் பிடித்தவர் கம்ப்யூட்டர் வகுப்பு வேண்டும் என்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கேள்வியை மாற்றுங்கள். கடைசியாக ஊரைவிட்டு வெளியே போனது எதற்காக? யாரைப் பார்க்க? போன வேலை முடிந்ததா? முடியவில்லை என்றால் ஏன்? அன்று கூலி போயிற்றா? இந்தக் கேள்விகளுக்கு யாரும் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது, நடந்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

பெண்களிடம் தனியாக, கால்நடை வளர்ப்பவர்களிடம் தனியாக, நிலமில்லாதவர்களிடம் தனியாக, வெளியூரில் பிள்ளைகள் இருக்கும் முதியவர்களிடம் தனியாகப் பேசுங்கள். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: என்ன வேலை, யார் போனார்கள், யாரைப் பார்க்கப் போனார்கள், எவ்வளவு நேரமும் பணமும் ஆனது, முடிந்ததா இல்லையா. ஐம்பது அறுபது பதிவுகள் சேர்ந்தாலே எது அடிக்கடி வருகிறது என்பது கண்ணில் பட்டுவிடும். பெரும்பாலும் அது இணையம் இல்லாத குறையாக இருக்காது. "அலுவலர் இன்று இருக்கிறாரா என்று தெரியாமல் போனேன்" என்பதாக இருக்கும். அதற்கு ஒரு போன் அழைப்பு போதும்.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது இந்த வழியில்தான் போனது. முதலில் கேட்டார்கள், பிறகுதான் பெட்டிகளை இறக்கினார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வந்த கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியாகக் கரையில் ஒலிபரப்பினார்கள். கடலுக்குப் போகிறவர் கணினியைத் தொடவே தேவையில்லாமல் போயிற்று.

இந்தக் கட்டத்தில் இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள்: தகவல் கிடைத்தால் அவரால் எதையாவது மாற்றிச் செய்ய முடியுமா? 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் மொபைல் போன் வந்ததை ஆராய்ந்த பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன், மத்தி பிடிக்கும் மீனவர்கள் கடலில் இருந்தபடியே பல துறைமுகங்களில் விலை விசாரித்துக் கரையேறியதையும், அதனால் விற்காமல் வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமல் போனதையும் காட்டினார். மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. இதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்த மீனவர்களிடம் படகு இருந்தது, வேறு கரைக்குப் போக முடிந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, விளைச்சலை அவரிடமே கொடுத்தாக வேண்டிய விவசாயிக்குச் சந்தை விலையைத் தினமும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் அவருக்கு வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். அவருக்கு முதலில் வேண்டியது கடன் வசதி.

படி 2: இருப்பதைக் கணக்கெடுங்கள்

சிக்னல் வரைபடம் ஒன்று தயாரியுங்கள். அந்தப் பகுதியில் சேவை தரும் எல்லா நிறுவனங்களின் சிம்மையும் எடுத்துக்கொண்டு, தெருத்தெருவாக, வயல் வரை நடக்க வேண்டும். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். போனின் அமைப்புகளிலோ இலவசச் செயலியிலோ சிக்னல் வலிமை எண்ணாகக் கிடைக்கும். 4ஜி-யில் மைனஸ் 90-ஐவிட நல்ல எண் (மைனஸ் 85, மைனஸ் 80) வந்தால் கவலையில்லை. மைனஸ் 110-க்குக் கீழே போனால் பேச்சு அறுந்துகொண்டே இருக்கும். ஒரே இடத்தைக் காலையிலும் இரவு எட்டு மணிக்கும் சோதியுங்கள். இரவில் கோடு முழுதாக இருந்தும் எதுவும் திறக்கவில்லை என்றால், அங்கே சிக்னல் குறைவில்லை, கோபுரத்தில் நெரிசல். அதற்கு ஆன்டெனா வைத்துப் பயனில்லை, நிறுவனத்திடம் கொள்ளளவைக் கூட்டச் சொல்லி எழுத வேண்டும். இந்த எண்களோடு ஒரு மனு போனால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

அடுத்து, போன் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன் என்று கணக்கில் வரும். அது பகலில் கணவரோடு வேலைக்குப் போய்விடும், மாலையில் பிள்ளைகளிடம் போய்விடும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்த நேரத்தில் அழைத்தால் எடுப்பார், அழைப்பை வேறு யாராவது எடுப்பார்களா, செய்தியை வேறு யாராவது படிப்பார்களா என்பது தெரியாமல் பெண்களுக்கான உடல்நலச் செய்தி எதையும் அனுப்பக் கூடாது.

மின்வெட்டு நேரம், உயரமான கட்டடங்கள், குன்றுகள், ஏற்கெனவே வந்திருக்கும் ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) எங்கே நிற்கிறது, பொது மைக் செட் இருக்கிறதா, ரேடியோ கேட்பவர்கள் எத்தனை பேர், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: எளிமையான கருவியிலிருந்து மேலே ஏறுங்கள்

முதல் இரண்டு படிகளை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு இந்தப் படி சுலபம். எந்த வேலைக்கும், அந்த வேலை நடக்கிற மிக எளிய கருவியை எடுங்கள்.

ஒலிபெருக்கியை யாரும் தொலைத்தொடர்பு என்று கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு கிராமத்தைக் காப்பாற்றியது அதுதான். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் தகவல் மையத்தைத் திறந்து அங்கிருந்த ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். படகுகளும் வீடுகளும் போயின, ஊரில் உயிர்கள் தப்பின. வெளியூரிலிருந்து ஒரு போன், ஊருக்குள் ஒரு மைக் செட். இரண்டில் எது இல்லாவிட்டாலும் நடந்திருக்காது. எனவே எந்தத் திட்டத்திலும் பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி ஒன்று இருக்கட்டும்.

எஸ்எம்எஸ் சாதாரண போனிலும் வரும், சிக்னல் மோசமான இடத்திலும் எப்படியோ நுழைந்துவிடும். ஆனால் ஆங்கில எழுத்தில் 160 குறிகள் கொள்ளும் ஒரு செய்தி, தமிழில் 70 குறிகள்தான் கொள்ளும். உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியாகக் கணக்காகும். "நாளை மாலை வரை கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற ஒரு வரியே இடைவெளியோடு சேர்த்து 39 குறிகளை எடுத்துக்கொள்ளும். மீதி 31. அதற்குள் யார் சொல்கிறார்கள், எந்தப் பகுதிக்கு என்பது வந்தாக வேண்டும். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகி, துண்டுக்கு 67 குறி என்று கட்டணமும் கூடும். எனவே வணக்கம், அன்பார்ந்த, கேட்டுக்கொள்ளப்படுகிறது எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள்.

படிக்க முடியாதவர்களுக்குக் குரல்தான் வழி. ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், கணினி திரும்ப அழைத்துப் பதிவுசெய்த குரலைப் போடும். கேட்பவர் தன் கேள்வியையும் பதிவுசெய்யலாம். இதை ஐவிஆர் என்பார்கள். அழைப்பவருக்குச் செலவில்லை, ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையம் வேண்டாம். சத்தீஸ்கரில் 2010-இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா இந்த முறையில்தான் பழங்குடி மக்கள் தங்கள் ஊர்ச் செய்தியைத் தாங்களே சொல்ல வழிசெய்தது. ஐவிஆர் வைக்கும்போது தேர்வுகளை மூன்றுக்குமேல் வைக்காதீர்கள். "ஒன்பதை அழுத்தவும்" வரை போனால் ஆள் போனை வைத்துவிடுவார்.

வாட்ஸ்அப் குழு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிர்வாகிகள் மட்டும் பதிவிடும் அறிவிப்புக் குழு ஒன்று, கேள்வி கேட்க இன்னொன்று என்று பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் தடுப்பூசித் தேதி தொலைந்துபோகும்.

சமூக வானொலி இதற்கு அடுத்த படி, கொஞ்சம் பெரிய படி. உரிமம் வேண்டும், தினமும் நிகழ்ச்சி தயாரிக்க ஆள் வேண்டும். ஆனால் ஒரு சிறிய எஃப்எம் பரப்பி சுற்றுவட்டாரக் கிராமங்களை எட்டிவிடும், கேட்பவருக்குத் தரவுச் செலவே இல்லை. தெலங்கானாவின் ஜாகீராபாத் அருகே 2008-இல் ஒலிபரப்பைத் தொடங்கிய சங்கம் ரேடியோவை நடத்தியவர்கள் டெக்கான் வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள். விதை, மழை, உடல்நலம் எல்லாவற்றையும் தங்கள் பேச்சுமொழியிலேயே பேசினார்கள்.

இவை எதுவும் போதாது, இணையம்தான் வேண்டும் என்று நோட்டுப் பதிவுகள் சொன்னால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். மருத்துவக் காணொலி ஆலோசனை, மாணவர்களின் பாடம், இணையவழி விண்ணப்பம் போன்றவை அந்த வகை.

படி 4: இணைய இணைப்பைக் கொண்டுவருதல்

வழிகள் நான்கு. மொபைல் சிக்னல் சுமாராக இருந்தால், உயரத்தில் வெளிப்புற ஆன்டெனாவோடு 4ஜி ரூட்டர் வைப்பதே மலிவு. பக்கத்து ஊர்வரை ஃபைபர் வந்திருந்தால், அங்கிருந்து வயர்லெஸ் இணைப்பு இழுக்கலாம். ஊரே சேர்ந்து பள்ளம் தோண்டி ஃபைபர் போடலாம். எதுவுமே எட்டாத இடத்துக்குச் செயற்கைக்கோள். செயற்கைக்கோளில் இரண்டு வகை உண்டு: நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றுபவை, ஸ்டார்லிங்க் போலச் சுமார் 550 கிலோமீட்டரில் பறப்பவை. முதல் வகையில் ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் இடையே அரை நொடிக்குமேல் தாமதம் இருக்கும். படிவம் நிரப்பப் போதும், காணொலியில் பேசும்போது இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

வயர்லெஸ் இணைப்புதான் ஊர்க்காரர்கள் தாங்களே செய்யக்கூடியது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நேபாளத்தில் மகாவீர் புன் என்ற ஆசிரியர் மலைக்கிராமங்களை இப்படித்தான் இணைத்தார். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004-இல் தொடங்கிய குயிஃபி.நெட் இன்று பல்லாயிரம் முனைகள் கொண்ட, மக்களே நடத்தும் வலையமைப்பு.

இரண்டு முனையிலும் ஆன்டெனா ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. அலை நேர்க்கோடாகப் போவதில்லை, மத்தளம்போல நடுவில் பருத்துப் போகும். அந்தப் பருத்த பகுதிக்குள் மரமோ கட்டடமோ நுழைந்தால் வேகம் விழும். 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் தூரம் என்றால், நடுவழியில் அதன் ஆரம் சுமார் 11 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும், அதாவது 7 மீட்டர். அந்தத் தூரத்தில் பூமியின் வளைவு ஒன்றரை மீட்டரை விழுங்கும். மரம் வளரும், அதற்கு மூன்று மீட்டர். ஆக, நடுவழியில் உள்ள மிக உயர்ந்த மரத்துக்கு மேலே ஏறக்குறைய 12 மீட்டர் இடைவெளி வேண்டும். மரம் 15 மீட்டர் என்றால் கோடு அந்த இடத்தில் 27 மீட்டரில் போக வேண்டும். ஒரு முனை 45 மீட்டர் குன்றிலும் மறுமுனை 12 மீட்டர் மாடியிலும் இருந்தால் நடுவில் 28.5 மீட்டர் வரும், தப்பித்துவிடலாம். இரண்டு முனையும் 12 மீட்டர் மாடிதான் என்றால் அந்த வழியை விட்டுவிட்டு, இடையில் ஒரு மறுபரப்பு நிலையம் தேடுங்கள். இந்தக் கணக்கைப் போடாமல் கருவி வாங்கியவர்கள் பிறகு மரத்தை வெட்டச் சொல்லி ஊரோடு சண்டை போடுவார்கள்.

கம்பத்தை நன்றாக எர்த் செய்யுங்கள், ஆன்டெனாவுக்கு மேலே இடிதாங்கி நிற்கட்டும், ரூட்டருக்கு இறங்கும் கேபிளில் மின்னல் தடுப்பான் இருக்கட்டும். வெளியில் ஓடும் கேபிள் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்டதாக இருக்க வேண்டும். உள்ளே போடும் சாதாரணக் கேபிள் வெயிலில் வெடித்து, தண்ணீர் இறங்கி, கருவியைக் கொன்றுவிடும்.

வேகத்தைப் பங்கிடும் முறையையும் முதல் நாளே முடிவுசெய்யுங்கள். ஒரு குரல் அழைப்புக்கு நொடிக்குச் சுமார் 100 கிலோபிட், ஓரளவு தெளிவான காணொலி அழைப்புக்கு ஒன்று முதல் ஒன்றரை மெகாபிட் வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கும் பள்ளிக்கும் முன்னுரிமை என்று ரூட்டரில் ஒதுக்கிவிட்டால், மாலையில் ஊரே படம் பார்த்தாலும் மருத்துவர் முகம் உறையாது.

ஃபைபர் செலவில் பெரும்பங்கு பள்ளம் தோண்டுவதிலும் நிலத்தைக் கடக்கும் அனுமதியிலும் போகிறது. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011-இல் தொடங்கிய பி4ஆர்என் என்ற ஊர்மக்கள் அமைப்பு இந்த இரண்டையும் ஊர்க்காரர்களை வைத்தே சமாளித்தது. விவசாயிகள் தங்கள் நிலத்தின் வழியாகக் கேபிள் போக இலவசமாக விட்டார்கள், தன்னார்வலர்கள் தோண்டினார்கள். வீட்டுக்கு நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம் வந்தது. பெரிய நிறுவனங்கள் கட்டுப்படியாகாது என்று ஒதுக்கிய பகுதி அது.

படி 5: மின்சாரம்

கிராமப்புற வலையமைப்புகள் சாவது பெரும்பாலும் மின்சாரத்தால். 2000-களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தேனிப் பகுதிக் கிராமக் கண் மையங்களை நெடுந்தூர வைஃபை மூலம் மருத்துவமனையோடு இணைத்தார்கள். கிராமத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார், மருத்துவர் காணொலியில் பார்த்துச் சொல்வார். அந்த அனுபவத்தில் அவர்கள் சொன்னது: வயர்லெஸ் அலையில் வந்த தொல்லையைவிட, ஏறி இறங்கும் மின்னழுத்தமே கருவிகளைப் பழுதாக்கியது. குறைந்த அழுத்தத்தில் கருவி பாதி உயிரோடு தடுமாறி நினைவகத்தைக் கெடுத்துக்கொள்ளும். அதைத் தடுக்க, மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் முழுவதுமாகத் துண்டித்துவிடும் சுற்று ஒன்றைச் சேர்த்தார்கள். இன்று நல்ல சார்ஜ் கன்ட்ரோலர்களில் அந்த வசதி உண்டு. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

சூரிய மின்சாரத்துக்கு ஒரு கணக்கு. ஆன்டெனாவோடு இருக்கும் வயர்லெஸ் கருவி 8 வாட், ரூட்டர் 12 வாட், மொத்தம் 20 வாட். 24 மணி நேரத்துக்கு 480 வாட்-மணி. மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும் என்றால் 1,440. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் காலிசெய்தால் ஆயுள் குறையும், எனவே 2,880 வாட்-மணி, அதாவது 12 வோல்ட்டில் 240 ஆம்பியர்-மணி. லித்தியம் பேட்டரி என்றால் சுமார் 140 ஆம்பியர்-மணி போதும். பேனல்: ஒரு நாளில் முழுவெயில் 4 மணி நேரம், இழப்பு 30 சதவீதம் என்று வைத்தால் 170 வாட் வருகிறது. மூன்று நாள் மேகத்துக்குப் பிறகு பேட்டரி மீண்டும் நிரம்ப வேண்டுமே, எனவே 250 அல்லது 300 வாட் போடுங்கள். 170-க்குத் துல்லியமாக வாங்கியவர்கள் மழைக்காலம் முழுக்க அரைபேட்டரியில் ஓட்டுவார்கள்.

வாங்கும் கருவியே கிராமச் சூழலுக்கு ஏற்றதாக இருந்தால் பாதிக் கவலை குறையும். இந்தியாவில் 1984-இல் தொடங்கிய அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட், 128 இணைப்புகள் கொண்ட கிராமத் தொலைபேசி நிலையத்தை ஏசி இல்லாமல், வெயிலிலும் தூசியிலும் ஓடும்படி வடிவமைத்தது. 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது முதலில் வேலைக்கு வந்தது. பிறகு அது ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியதற்கு ஏசி அறை தேவைப்படாததும் ஒரு காரணம். விசிறி இல்லாத, நேர்மின்னோட்டத்தில் ஓடுகிற கருவிகளைத் தேடி வாங்குங்கள்.

படி 6: அனுமதி

2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் பெரும்பாலான நாடுகளில் உரிமம் இல்லாமல் இயங்கலாம். ஆனால் எவ்வளவு சக்தி, வெளிப்புறத்தில் அனுமதி உண்டா, இணையத்தை மற்றவருக்குக் காசு வாங்கிக்கொண்டு தரலாமா என்பவை நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில் தலேயா தே காஸ்த்ரோ மக்கள் 2013-இல் தங்கள் சொந்த மொபைல் வலையமைப்பையே தொடங்கினார்கள். 2016-இல் பழங்குடிச் சமூகங்களுக்கான உரிமம் அங்கே கிடைத்தது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது சான்று, கேட்காமல் தொடங்கலாம் என்பதற்கு அல்ல.

படி 7: நாற்காலியில் உட்காரப்போவது யார்

ஊருக்காக நடத்தும் தகவல் மையத்துக்கு யார் பொறுப்பாளர், மையம் எங்கே இருக்கும் என்பதுதான் இந்தப் படி. என் கணிப்பில் திட்டத்தின் பாதி இதில் இருக்கிறது. கருவியைவிட அதிக நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

நன்றாகப் படித்த, கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞரைத்தான் எல்லோரும் தேடுவார்கள். அவருக்கு ஆறு மாதத்தில் நகரத்தில் வேலை கிடைத்துவிடும். ஊரிலேயே இருக்கப்போகிற, பத்தாவது படித்த, எல்லா வீட்டுக்கும் போய்வருகிற முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுங்கள். கருவியைப் பழகிக்கொள்ளலாம், ஊரின் நம்பிக்கையைப் பயிற்சியில் கொடுக்க முடியாது. ஒருவருக்கு இருவராகத் தேர்ந்தெடுங்கள், பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுங்கள், சம்பளமோ படியோ கட்டாயம் கொடுங்கள். தன்னார்வம் அறுவடை வரும்வரைதான் தாங்கும்.

இடமும் இதே அளவு முக்கியம். தலைவர் வீட்டுத் திண்ணை இலவசமாகக் கிடைக்கும். அங்கே யாரெல்லாம் வர மாட்டார்கள் என்று யோசியுங்கள். சாதியாலோ கட்சியாலோ பழைய சண்டையாலோ ஒரு தெருவே ஒதுங்கிவிடும். புதுச்சேரி மையங்களுக்கு ஊர் இடத்தை இலவசமாகத் தர வேண்டும், அது எல்லோரும் வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது இதனால்தான். பெண்கள் வர வசதியான நேரத்தைப் பெண்களிடமே கேட்டு வையுங்கள்.

பொறுப்பாளருக்குச் சொல்லித்தர வேண்டியவற்றில் பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு: வாயடக்கம். அவர் கையில் ஊராரின் அடையாள எண், வங்கி ஓடிபி, கருத்தரிப்புச் சோதனை முடிவு எல்லாம் வந்துபோகும். யாருடைய கடவுச்சொல்லையும் எழுதி வைக்கக் கூடாது, ஸ்கேன் செய்த ஆவணத்தை வேலை முடிந்ததும் அந்த நபரின் கண்முன்னாலேயே அழிக்க வேண்டும், மருத்துவக் காணொலி ஆலோசனைக்குத் திரைச்சீலையும் காதில் மாட்டும் ஹெட்போனும் வேண்டும். ஒருமுறை விஷயம் வெளியே கசிந்தால் மையம் இருக்கும், ஆள் வராது.

பழுதுக்கு யாரை அழைப்பது என்பதும் இங்கேயே முடிவாகட்டும். சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள்: எந்த விளக்கு எரியவில்லை என்றால் எதைப் பார்க்க வேண்டும், எந்த வயரைக் கழற்றி மாட்ட வேண்டும், அதற்கும் சரியாகாவிட்டால் எந்த எண். ரூட்டர், மின்மாற்றி அடாப்டர், கேபிள் முனைகள் ஆகியவற்றில் ஒவ்வொரு உபரி மையத்திலேயே இருக்கட்டும். நகரத்துக் கிடங்கில் இருக்கும் உபரியால் பயனில்லை.

படி 8: மாதச் செலவு எங்கிருந்து வரும்

நன்கொடையில் கருவி வரும், மாதக் கட்டணம் வராது. முதல் நாளே பட்டியல் போடுங்கள்: இணையக் கட்டணம், பொறுப்பாளருக்கான படி, மின்சாரம், பழுது, அப்புறம் பேட்டரிக்கான சேமிப்பு. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஈய-அமில பேட்டரி மூன்று ஆண்டு ஓடும் என்று வையுங்கள். அதன் விலையை 36-ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். இல்லாவிட்டால் நான்காம் ஆண்டில் புதிய நன்கொடையாளரைத் தேடி அலைய வேண்டும்.

வருமானம் எதிர்பாராத மூலையிலிருந்து வரும். தென்னாப்பிரிக்காவின் மன்கோசியில் ஜென்செலெனி என்ற கூட்டுறவு தொடங்கியபோது, மின்சாரம் இல்லாத அந்தப் பகுதியில் சோலாரில் போன் சார்ஜ் போட்டுக் கொடுத்ததே ஆரம்ப வருமானம். ஆனால் ஒரே வருமானத்தில் சாய்ந்துகொள்ளக் கூடாது. வங்கதேசத்தில் 1997-இல் கிராமீண் திட்டம் கிராமப் பெண்களுக்குக் கடனில் மொபைல் கொடுத்து, அழைப்புக்குக் காசு வாங்கும் தொழிலை உருவாக்கியது. சில ஆண்டுகள் நன்றாகவே ஓடியது. எல்லோர் கையிலும் போன் வந்ததும் அந்தத் தொழில் சுருங்கிப்போயிற்று. இன்று அச்செடுப்பதில் வரும் காசு, அரசு அலுவலகங்கள் காகிதம் கேட்பதை நிறுத்தும் நாளில் நின்றுவிடும் என்று நினைத்துத் திட்டமிடுங்கள். ஏழைகளுக்கு இலவசம், மற்றவர்க்குக் கட்டணம் என்றால் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்; கணக்கையும் மாதம் ஒருமுறை ஒட்டுங்கள்.

படி 9: என்ன சொல்லப் போகிறீர்கள்

இணையத்தில் எல்லாம் இருக்கிறது, உங்கள் ஊர் மண்ணுக்கும் மொழிக்கும் ஏற்றது குறைவு. இலங்கையின் கொத்மலையில் 1990-களின் இறுதியில் சமூக வானொலி இதற்கு ஓர் அழகான வழி கண்டது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளூர் மொழியில் ஒலிபரப்பில் விளக்குவார்கள். ஒரே ஓர் இணைய இணைப்பு, ஆயிரக்கணக்கான காதுகள். கைபேசி நிறைந்த இந்தக் காலத்திலும் இந்த வழிமுறை செல்லும். வாரம் ஒரு கேள்வி, ஒரு நிபுணர், மூன்று நிமிட வாய்ஸ் நோட்.

பயிர் மருந்து, மனித மருந்து, வானிலை எச்சரிக்கை ஆகிய மூன்றிலும் சரிபார்க்காத எதையும் அனுப்பக் கூடாது என்று எழுதி வையுங்கள். யார் சொன்னது, எந்தத் தேதி, எவ்வளவு நாள் செல்லும் என்பது ஒவ்வொரு செய்தியிலும் இருக்கட்டும். தவறாகப் போய்விட்டால் அதே வழியில், அதே நாளில் திருத்தம் போக வேண்டும்.

புயல், வெள்ளம் வரும்போது மொபைல் கோபுரங்களும் மின்சாரம் இழந்து, பேட்டரி தீர்ந்ததும் அடங்கிவிடும். அதற்கு முன்பே யார் எதைச் சொல்வது, சிக்னல் இல்லாவிட்டால் எந்த வழி என்று ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை பாருங்கள். ஒத்திகையில்தான் மைக் செட்டின் பேட்டரி செத்துக் கிடப்பது தெரியும்.

படி 10: பலன் பார்த்தல், கைமாற்றுதல், மூடுதல்

எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், எத்தனை ஜிபி செலவானது என்பதெல்லாம் அறிக்கைக்கு உதவும். உங்களுக்கு வேண்டியது முதல் படியில் போட்ட அந்த ஐந்து கட்ட நோட்டு. ஓராண்டு கழித்து அதே மனிதர்களிடம் அதே கேள்விகளைக் கேளுங்கள். அலைச்சல் குறைந்திருக்கிறதா, யாருக்குக் குறைந்திருக்கிறது, யாருக்குக் குறையவே இல்லை என்று பாருங்கள். நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் குறைந்திருந்தால் மையத்தின் இடத்தையோ நேரத்தையோ பொறுப்பாளரையோ மாற்ற வேண்டியிருக்கும்.

நிர்வாகத்தை ஊரிடம் ஒப்படைப்பது கடைசி ஆண்டின் விழா வேலையாக இருக்கக் கூடாது. இணையக் கணக்கு, சிம், ரூட்டர் கடவுச்சொல், உரிமம் எல்லாம் முதல் நாளிலிருந்தே ஊர் அமைப்பின் பெயரில் இருக்கட்டும். நிறுவன அலுவலரின் சொந்தப் பெயரில் எடுத்த சிம், அவர் வேலை மாறியதும் சேவையையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

சில சேவைகளை மூடத்தான் வேண்டியிருக்கும். தேவை தீர்ந்திருக்கலாம், அல்லது அதே வேலையை ஒவ்வொருவரும் தங்கள் போனிலேயே செய்துகொள்ளத் தொடங்கியிருக்கலாம். அப்போது சேமித்த தகவல்களை அழியுங்கள், பேட்டரிகளை முறையான மறுசுழற்சிக்கு அனுப்புங்கள், கம்பத்திலிருந்து ஆன்டெனாவைக் கழற்றி இறக்குங்கள். அழைப்பு எண்ணை மட்டும் உடனே துண்டிக்க வேண்டாம். மக்கள் அதை இன்னும் பல மாதங்கள் அழைப்பார்கள். இந்தச் சேவை நின்றுவிட்டது, இனி இந்த எண்ணை அழையுங்கள் என்ற பதிவுக் குரல் ஆறு மாதமாவது அதில் ஓடட்டும்.